37 வயதில் கணக்கு வேலையை விட்டு அடுப்படிக்கு: சேலத்திலிருந்து கேட்டவருக்கு

கேள்வி இதுதான்: வயது 37. வீடு சேலம் அம்மாப்பேட்டை. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலை. வீட்டிலும் உறவினர் விசேஷங்களிலும் நன்றாகச் சமைப்பவர் என்று பெயர். செஃப் ஆக வேண்டும். மூன்று வருடப் பட்டப்படிப்பா, குறுகிய படிப்பா, நேராக ஓட்டலில் சேர்வதா? ஏற்காட்டு ரிசார்ட்டுகளில் வேலை கிடைக்குமா?

எந்தப் படிப்புக்கும் பணம் கட்டுமுன், வேலையை விடுமுன், ஒரு வணிகச் சமையற்கூடத்தில் இரண்டு மாதமாவது வார இறுதிகளில் நின்று பாருங்கள். சம்பளம் கேட்காமல், காய் நறுக்கிக் கொடுக்கும் கட்டிங் ஆளாக. வீட்டில் நன்றாகச் சமைப்பது இந்தத் தொழிலுக்கு ஒரு தகுதிதான், ஆனால் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னத் தகுதி. ஓட்டல் உங்களிடம் வாங்கப்போவது கைமணத்தை அல்ல. வேகம், அளவு, நேற்றுப் போலவே இன்றும் வருகிற ருசி, இந்த மூன்றைத்தான். மூன்றும் வீட்டில் பழக முடியாதவை.

முதலில் எந்த அடுப்படி என்று முடிவு செய்யுங்கள். 'செஃப்' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் சேலத்தில் குறைந்தது ஐந்து தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. நட்சத்திர ஓட்டல், ரிசார்ட் ஒன்று. அங்கே காமி 3, காமி 2, காமி 1 (உதவிச் சமையலர்கள்), டெமி சி.டி.பி., சி.டி.பி. (ஒரு பிரிவின் பொறுப்பாளர்), சூ செஃப் (தலைமை செஃப்புக்கு அடுத்தவர்) என்று படிக்கட்டு இருக்கும். சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. இரண்டாவது, நம் ஊர் சைவ, அசைவ ஓட்டல்களும் மெஸ்களும். அங்கே சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சைனீஸ் மாஸ்டர். சான்றிதழை யாரும் பார்க்க மாட்டார்கள், கையைப் பார்ப்பார்கள். மூன்றாவது கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட். நான்காவது பேக்கரி, இனிப்பகம். ஐந்தாவது கல்லூரி விடுதி, மருத்துவமனை, ஆலை கேன்டீன். முப்பத்தைந்து தாண்டி, குடும்பம் உள்ளவருக்குப் பெரிதும் ஒத்துவருவது ஐந்தாவதுதான் என்பது என் கருத்து. மெனு வாரத்துக்கு முன்பே தெரியும், இரவு வீடு திரும்பலாம், ஆள் கணக்கு, சரக்குக் கணக்கு தெரிந்தவருக்கு அங்கே மரியாதை. ஆனால் யாரும் கேன்டீனைக் கனவு கண்டு வேலையை விடுவதில்லை, அது வேறு விஷயம்.

படிப்புக்கு வருவோம். மூன்று வருட ஓட்டல் நிர்வாகப் பட்டம் உங்களுக்கு வேண்டாம். அதில் பாதிக்கு மேல் ஹவுஸ்கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ், உணவு பரிமாறல். பதினெட்டு வயதில் எந்தத் துறை என்று தெரியாமல் வருபவருக்காக அமைத்தது அது. சமையல் மட்டும் வேண்டும் என்றால் தேசிய ஓட்டல் நிர்வாகக் கவுன்சிலின் 'உணவு தயாரிப்பும் பாட்டிசெரியும்' (பாட்டிசெரி என்றால் கேக், பேஸ்ட்ரி வகைகள்) என்ற கைத்தொழில் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. ஒன்றரை ஆண்டு, அதில் ஒரு பகுதி ஓட்டலில் நேரடிப் பயிற்சி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இத்தகைய படிப்புகளுக்குப் பார்க்க வேண்டியவை சென்னை தரமணியில் உள்ள ஓட்டல் மேலாண்மை நிறுவனமும், திருச்சி துவாக்குடியில் உள்ள மாநில நிறுவனமும். துவாக்குடி சேலத்திலிருந்து தினமும் போய்வரும் தூரமல்ல. வாடகை அறைச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொரு வழி ஐ.டி.ஐ. 'உணவு தயாரிப்பு' என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு. கட்டணம் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது. சேர்க்கைப் பட்டியலில் பிரிவின் பெயரைத் தேடுங்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் துரித உணவுக்குப் பத்து நாள் இலவசப் பயிற்சி உண்டு. அது தள்ளுவண்டி, சிறுகடை போடுபவருக்கானது. அதை வைத்து ஓட்டலில் செஃப் வேலை கேட்க முடியாது. படிக்காமல் நேராக வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆனபின், 'முன் கற்றலுக்கான அங்கீகாரம்' என்ற திட்டத்தில் சுற்றுலா, விருந்தோம்பல் திறன் கவுன்சிலின் மதிப்பீட்டுக்குச் சென்று சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

தனியார் கேட்டரிங் நிறுவனம் என்றால் கட்டணத்தைக் கேட்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். செய்முறை வகுப்பில் ஒரு அடுப்புக்கு எத்தனை பேர்? வாரத்தில் எத்தனை நாள் அடுப்பு எரியும்? மளிகை, இறைச்சிச் செலவு கட்டணத்திலேயே சேர்ந்ததா, மாதாமாதம் தனியாகக் கேட்பார்களா? சான்றிதழ் தருவது எந்த வாரியம் அல்லது பல்கலைக்கழகம்? ஒரு அடுப்பைச் சுற்றி எட்டுப் பேர் நின்று ஒருவர் கிளறுவதை மற்றவர்கள் பார்த்துக் குறிப்பெடுக்கும் இடமென்றால் அது செய்முறை வகுப்பே அல்ல. 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்', 'கப்பலில் வேலை' என்ற பலகைகளுக்கு மயங்க வேண்டாம். கப்பலுக்கு ஆள் எடுக்கும் முகவர், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். வெளிநாட்டு ஓட்டல் என்றால் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவர். உரிம எண்ணைக் கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நீங்கள் கணக்காளர், ஆகவே ஒரு உதாரணக் கணக்கு. குடும்பச் செலவு மாதம் 30,000, தொடக்க உதவியாளர் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஆண்டு படித்து, பின் ஓராண்டு உதவியாளர் என்றால் பற்றாக்குறை: 18 மாதத்துக்கு 5,40,000, அடுத்த 12 மாதத்துக்கு 2,16,000, ஆக 7,56,000. படிப்புக் கட்டணம், அறை வாடகை தனி. நேராக உதவியாளராகச் சேர்ந்தால் அதே 30 மாதத்துக்கு 5,40,000. வித்தியாசம் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். அந்தத் தொகைக்கும் கட்டணத்துக்கும் ஈடாக அந்தப் படிப்பு எந்தக் கதவைத் திறக்கிறது என்பதுதான் கேள்வி. நட்சத்திர ஓட்டல் அல்லது பேக்கரி என்றால் திறக்கிறது. மெஸ், கல்யாணச் சமையல் என்றால் இல்லை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், பற்றாக்குறைத் தொகை கையில் சேரும்வரை ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம்.

இனி அடுப்படியில் உண்மையில் என்ன வித்தியாசம் என்று சொல்ல வேண்டும். வீட்டில் நன்றாகச் சமைப்பவர்கள் முதல் மாதம் தடுமாறுவது இங்கேதான்.

அரை கிலோ வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கத் தெரிந்தவருக்குப் பத்து கிலோவும் அப்படியே வரும் என்று தோன்றும். வராது. வெங்காயத்தின் எடையில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர். பத்து கிலோவில் ஏறக்குறைய ஐந்தாறு லிட்டர் ஆவியாகிப் போன பிறகுதான் நிறம் மாறத் தொடங்கும். அந்த நீரை ஆவியாக்க மட்டுமே அரை கிலோவுக்கு மேல் கேஸ் எரிய வேண்டும். ஆழமான அண்டாவில் கொட்டினால் அடியிலிருக்கும் வெங்காயம் தன் நீரிலேயே வெந்து குழையும், நிறம் ஏறாது, குருமா சப்பென்று இனிக்கும். பொறுமையிழந்து தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும். வாயகன்ற இருப்புச்சட்டி, நான்கு கிலோவுக்கு மேல் போகாத தொகுதிகள், தாராள எண்ணெய், தொடக்கத்திலேயே கொஞ்சம் உப்பு. இவ்வளவுதான் வழி.

தண்ணீர் அளவும் அப்படியே. வீட்டில் ஒரு பங்கு சீரகச் சம்பாவுக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைப்பவர், பத்துக் கிலோவுக்கும் அதே விகிதம் வைத்தால் பிரியாணி குழைந்துவிடும். ஆவி போவது பாத்திரத்தின் மேல்பரப்பைப் பொறுத்தது, அரிசியின் எடையைப் பொறுத்ததல்ல. அளவு பத்து மடங்கானால் மேல்பரப்பு அவ்வளவு கூடுவதில்லை. ஊறிய அரிசி, தயிர், தக்காளி, கறி விடும் நீர் எல்லாம் கழித்து ஒன்றரைப் பங்கிலிருந்து தொடங்கி, உங்கள் அண்டாவுக்கு ஏற்பத் திருத்துங்கள். தீயை அணைத்த பிறகும் பெரிய அண்டா வெகுநேரம் சூடு விடாது. உள்ளே வேகல் தொடரும். முக்கால் வேக்காட்டைத் தாண்டி முழு வேக்காட்டில் தம் போட்டால் திறக்கும்போது பொங்கல்.

உப்பு, புளி, தூள் எல்லாவற்றையும் எடையில் எழுதப் பழகுங்கள். 'கைப்பிடி' என்பது நீங்கள் லீவு போடும் நாளில் யாருக்கும் உதவாது. நூறு பேருக்கு ஆளுக்கு 150 மில்லி சாம்பார் என்றால் 15 லிட்டர். துவரம்பருப்பு 2 முதல் 2.5 கிலோ, புளி 400 முதல் 500 கிராம், சாம்பார்த் தூள் 250 முதல் 300 கிராம், உப்பு முதலில் 150 கிராம், அதாவது மொத்த எடையில் ஒரு சதவீதம். காய் வெந்து கொதி அடங்கியபின் ருசி பார்த்து மீதி. பருப்பு ஒவ்வொரு லாட்டிலும் நீர் இழுப்பது மாறும், ஆகவே தூளையும் உப்பையும் எடையில் நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

வேகம் என்றால் கையை வேகமாக ஆட்டுவது அல்ல. நம் ஊர்த் தட்டுவடை செட் கடையைக் கவனித்திருப்பீர்கள்: தட்டுவடை, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், இரண்டு சட்னி, எல்லாம் ஒரு முழ தூரத்துக்குள், எப்போதும் அதே இடத்தில். கடைக்காரர் பாத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. செஃப்கள் 'மிசன் பிளாஸ்' என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். ஆர்டர் வருமுன் வெட்டியது, வேகவைத்தது, அளந்தது எல்லாம் கைக்கெட்டும் இடத்தில். புதியவர் திணறுவது பெரும்பாலும் இரவு எட்டரை மணிக்கல்ல, மாலை நாலரைக்கே. தயாரிப்பில் ஏதோ ஒன்றை விட்டிருப்பார், அது எட்டரைக்குத் தெரியும். வீட்டிலேயே பழகக்கூடியது கத்தி மட்டும். எட்டு அங்குல செஃப் கத்தி ஒன்று வாங்கி, உரித்த ஐந்து கிலோ பெரிய வெங்காயத்தை ஒரே அளவில் அரை மணிக்குள் வெட்ட வரும்வரை பழகுங்கள். மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலை வெட்டும்.

உணவுப் பாதுகாப்பு வேலையிலேயே பெரிய பகுதி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் உணவு நிற்கும் நேரம்தான் ஆபத்து. சூடாகப் பரிமாறுவது 60க்கு மேல், குளிரில் வைப்பது 5க்குக் கீழ், ஃப்ரீசரில் உறையவைப்பது கழித்தல் 18 டிகிரியில். சமைத்ததை ஆறவைக்கும்போது 60லிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். இருபது லிட்டர் குருமாவை அண்டாவோடு மூடி ஓரத்தில் வைத்தால் மறுநாள் காலையிலும் நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டங்குல உயரத்துக்குத் தட்டையான ட்ரேக்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, பிறகு ஃப்ரிட்ஜ். மிஞ்சிய சோற்றை இரவு முழுவதும் வெளியில் வைத்து மறுநாள் ஃப்ரைட் ரைஸுக்கு எடுப்பது இந்தத் தொழிலில் மிகப் பழைய தப்பு. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, மீனுக்கு நீலம், காய்க்குப் பச்சை. சூட்டுக்காயம் பட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். மஞ்சள், பேஸ்ட், ஐஸ் எதுவும் வேண்டாம். எண்ணெய் தீப்பிடித்தால் கேஸை அடைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ கூரைக்குப் போகும்.

கணக்கு வேலையின் பலன் இப்போது வரும். காலிஃபிளவர் கிலோ 40 ரூபாய் என்று பத்துக் கிலோ வாங்கினால் 400. இலையும் தண்டும் நீக்கிப் பூ 5.5 முதல் 6 கிலோதான் தேறும். அப்படியானால் கோபி 65க்குப் போகும் பூவின் உண்மை விலை கிலோ 67 முதல் 73 ரூபாய். அடுப்படியில் இருக்கும் முக்கால்வாசிப் பேர் 40 என்று வைத்தே விலை போடுவார்கள். ஒவ்வொரு காய்க்கும், கோழிக்கும், மீனுக்கும் இப்படிக் கழிவுப் பட்டியல் எடுத்து வையுங்கள். லீ பஜாரில் மளிகை, செவ்வாய்ப்பேட்டை மொத்த விலை, உழவர் சந்தைக் காலை விலை மூன்றையும் வாரம் ஒருமுறை குறித்துவைத்தால் இன்னும் நல்லது. விற்பனை விலையில் சரக்குச் செலவு 30 முதல் 35 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது தொழிலில் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. இதைப் பேசத் தெரிந்த உதவியாளரை எந்த செஃப்பும் மூன்றாம் மாதமே ஸ்டோர் பக்கம் இழுப்பார். போங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். கணக்குத் தெரிந்தவரை ஸ்டோரிலேயே உட்காரவைக்கத்தான் முதலாளிக்கு ஆசை இருக்கும், அப்புறம் நீங்கள் விட்டுவந்த அதே வேலைதான்.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பது, முழங்கால், இடுப்பு, கால் நரம்புச் சுருட்டல். வழுக்காத அடியுள்ள மூடிய ஷூ முதல் நாளே வாங்குங்கள். பல ஓட்டல்களில் 'பிரேக் ஷிப்ட்': காலை பத்து முதல் மூன்று, மறுபடி ஆறரை முதல் பதினொன்று. சேலம் ஐந்து ரோடு சந்திப்புப் பக்கம் வேலை, அம்மாப்பேட்டையில் வீடு என்றால் இடைவெளியில் வந்துபோகலாம். ஓமலூர், ஆத்தூர் பக்கம் என்றால் அந்த மூன்றரை மணி நேரம் வீண். தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாள் எல்லாம் வேலை நாள். வீட்டில் உள்ளவர்களிடம் இதைச் சம்பளத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

வயதும் பதவியும் அடுப்படியில் தலைகீழாக இருக்கும். இருபத்தாறு வயது மாஸ்டர் உங்களை 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டே பாத்திரம் தேய்க்கச் சொல்வார். நீங்கள் அவரை 'மாஸ்டர்', நட்சத்திர ஓட்டலில் 'செஃப்' என்றுதான் கூப்பிட வேண்டும். பழைய வேலையில் எத்தனை பேர் உங்களுக்குக் கீழ் இருந்தார்கள் என்ற பேச்சை முதல் ஆறு மாதம் எடுக்காதீர்கள். விலகிப் போகிறவர்களில் பலர் சூட்டுக்காகவோ சம்பளத்துக்காகவோ போவதில்லை, இதற்காகத்தான்.

சேரும்போது கேட்க வேண்டியவை: வார விடுமுறை எந்த நாள், எந்த செக்‌ஷனில் (சமையற்கூடத்தின் எந்தப் பிரிவில்) போடுவார்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா. செக்‌ஷன் மாற்றம் இல்லாத இடத்தில் மூன்று வருடம் சட்னி மட்டும் அரைத்தவர்கள் உண்டு. உணவு கையாளுபவர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவத் தகுதிச் சான்றும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். முன்பே எடுத்து வையுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபாஸ்டாக்' பயிற்சி ஒரு நாளில் முடிந்துவிடும். சுங்கச்சாவடி ஃபாஸ்டாக் அல்ல, பெயர் மட்டும் ஒன்று போல. 25 பணியாளருக்கு ஒருவராவது அதில் தேறியிருக்க வேண்டும் என்பதால் அந்தச் சான்றோடு வருபவர் ஓட்டலுக்கு உபயோகப்படுவார்.

ஏற்காடு. கிடைக்கும், ஆனால் சீசனைப் பொறுத்து. ஏப்ரல், மே மாதங்களிலும் தொடர் விடுமுறைகளிலும் ஆள் பற்றாக்குறை இருக்கும். தங்க அறையும் சாப்பாடும் தருவார்கள். மழை தொடங்கியதும் சீசனுக்கு எடுத்தவர்களை விட்டுவிடுவார்கள். நிரந்தர வேலையாக நம்பிப் போகாமல், சோதனைக் களமாக வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரே சமையற்கூடத்தில் காலை பஃபே, மதியம் தென்னிந்திய, இரவு தந்தூரி, சைனீஸ் எல்லாம் பார்க்கலாம்.

மலையில் சமையலும் கொஞ்சம் மாறும். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு, ராஜ்மா, ஆட்டுக்கறி எல்லாம் கீழே எடுப்பதைவிட அதிக நேரம் எடுக்கும். தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், சூடு ஏறாது. குக்கரிலும் சில நிமிடம் கூட்டுங்கள். கேக்குக்கு பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைக்காவிட்டால் பொங்கி நடுவில் அமுங்கும். டிசம்பர் குளிரில் இட்லி மாவு ராத்திரியில் பொங்காது. சேலத்தில் கோடையில் ஆறேழு மணி நேரத்தில் தயாராகிற மாவு அங்கே அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். மதியமே ஆட்டி, பாய்லர் பக்கம் வெதுவெதுப்பான இடத்தில் வைப்பார்கள். உளுந்து ஆட்ட மட்டும் அங்கேயும் குளிர்ந்த தண்ணீர்தான், கிரைண்டர் சூடு ஏறினால் மாவு உபரி தராது.

போய்க் கேட்பதென்றால் மார்ச் மூன்றாவது வாரத்துக்குள் போங்கள், மதியம் மூன்றரை மணி வாக்கில், மதிய சர்வீஸ் முடிந்து செஃப் டீ குடிக்கும் நேரத்தில். ஒரு நாள் ட்ரயல் கேளுங்கள். வெங்காயம் வெட்டச் சொல்வார், ஆம்லெட் போடச் சொல்வார், முடிந்ததும் உங்கள் மேடையைத் துடைத்தீர்களா என்று பார்ப்பார். மே பிறந்துவிட்டால் உங்களை நிறுத்திப் பேச அவருக்கு நேரம் இருக்காது.